சிலிப்பர் கட்டைக் கதையின் மீதி

மகனே,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. நான்கு வரிதான் எழுதியிருந்தாய். அதில் மூன்று வரி உன் அம்மாவின் முட்டிவலியை விசாரிப்பதிலேயே போய்விட்டது. கடைசி வரியில்தான் சங்கதி இருந்தது. தை மாதம் கிள்ளான் மாதா கோயிலில் லூர்துவுக்கும் உனக்கும் கல்யாணம், வருவீர்களா மாட்டீர்களா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும் என்று முடித்திருந்தாய். வாருங்கள் என்றுகூட எழுதவில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு நீ நேரில் வந்து சொன்னபோது நான் என்ன பேசினேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "வேதக்காரப் பொண்ணக் கட்டுனீன்னா இந்த வீட்டுப் படி உனக்கு இல்ல" என்றேன். பிரிக்பீல்ட்ஸில் இந்த வீடே ரயில்வே கொடுத்த வீடு, வேலையிலிருந்து விலகுகிற அன்று சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது, இதில் படி யாருக்கு உண்டு இல்லை என்று சொல்ல நீங்கள் யார் என்று உன் அம்மா அன்றைக்கே கேட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே மீதியைச் சொல்லிவிடுகிறாள்.

உனக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குக் குறுக்கே ஒரு கதை விழுந்து கிடக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். சிலிப்பர் கட்டைக் கதை. நீ தலையில் கை வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. எந்தக் கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினாலும், எந்தச் சாயாக் கடையில் யுத்தப் பேச்சு வந்தாலும் நான் அதை எடுத்துவிடுவேன் என்பதும், நீ மெல்ல எழுந்து போய்விடுவாய் என்பதும் ஊரறிந்த விஷயம். யுத்தத்தில் செத்துப்போன கூட்டாளியை அநாதைப் பிணமாக மண்ணில் தள்ள விடாமல், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சர்க்காரின் சிலிப்பர் கட்டைகளைத் திருடி அடுக்கி முறைப்படி எரித்தவன் உன் அப்பன். என் வலது தோளில் இருக்கிற தழும்பு அதற்குக் கிடைத்த பரிசு. சிறு வயதில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நீ பெருமையாகத் தூங்கப் போவாய். இதுவரை நான் சொன்னதெல்லாம் அந்தக் கதையில் பாதிதான். மீதியில் ஒரு பகுதியை இருபது வருஷமாகத் தெரிந்தே மறைத்தேன். இன்னொரு பகுதி எனக்கே போன வெள்ளிக்கிழமைதான் தெரிய வந்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ராஜவிசுவாசத்தால் யுத்தத்துக்குப் போகவில்லை. யுத்தம் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் போனேன். பாலைவனத்தில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று துரை வந்து கேட்டபோது, மணலில் தண்டவாளம் எப்படி நிற்கும் என்ற யோசனை வந்துவிட்டது. அந்த யோசனையோடு தூங்க முடியவில்லை. உனக்கு அப்போது எட்டு வயது. உன் அம்மா இரண்டு நாள் அடுப்பே மூட்டவில்லை. நான் பெயர் கொடுத்துவிட்டேன். காக்கிச் சட்டை, கால்பட்டை, பித்தளை வில்லையில் ஒரு எண், சத்தியப் பிரமாணம் எல்லாம் உண்டு. துப்பாக்கி மட்டும் நான்கு பேருக்கு ஒன்று. மற்றபடி கையில் கடப்பாறைதான். "அப்பா, நீங்க சோல்ஜரா, கூலியா?" என்று நீ ஒருமுறை கேட்டு என்னிடம் அடி வாங்கினாய். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நியாயமான கேள்விதான். எங்களைச் சுட்டவர்கள் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பதில்.

எங்கள் கோஷ்டியில் முனியாண்டி என்று ஒருவன் இருந்தான். இங்கே பிரிக்பீல்ட்ஸ் பாதை வேலைக்கு யுத்தத்துக்கு ஒரு வருஷம் முன்னால் வந்து சேர்ந்தவன். கிள்ளான் பக்கம் ஏதோ கித்தா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டு இருந்ததாகச் சொன்னான். தோட்டத்தை விட்டு விலகியதற்குத் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு கையில் இருந்தது. அதிலிருந்த பெயரையும் ஊரையும் அப்படியே பார்த்துப் படையிலும் எழுதிக்கொண்டார்கள். ஒல்லியான ஆள். சுத்தியலால் தண்டவாளத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, எந்த இணைப்பில் மரை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். எனக்கு அந்த வித்தை கடைசிவரை வரவில்லை. சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் ஏறி, பம்பாயில் மாறி, பஸ்ராவில் இறங்கும்வரை நான் அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அவன் பதில் சொல்வதுபோல் சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவான். பதில் கிடைக்கவில்லை என்பது எனக்கு அடுத்த நாள்தான் உறைக்கும்.

தண்டவாளம் தூக்கும்போது ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் ஒரே மூச்சில் தூக்குவார்கள் அல்லவா. நாங்கள் எல்லோரும் முருகனையும் காளியையும் கூப்பிடுவோம். முனியாண்டியின் முறை வந்தால் "இட்டிலியே" என்பான். நாங்கள் "ஐலசா" என்போம். "எண்ணெ வச்ச தோசையே" என்பான். பசியும் சிரிப்பும் சேர்ந்து தண்டவாளம் தானாக எழும்பும். அவன் வாயில் ஒரு சாமி பெயர்கூட வந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "சாமிய எதுக்கு மேஸ்திரி தண்டவாளம் தூக்கக் கூப்புடுறீங்க? அதுக்குத்தான் நாம இருக்கோமே" என்றான்.

அவன் கழுத்தில் ஒரு கயிறு உண்டு. அதில் மார்புப் பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று, நீலத் துணியில் தைத்த இரண்டு சின்னச் சதுரங்கள். தாயத்து என்று நினைத்தேன். முதுகில் தாயத்துக் கட்டுகிறவனை நான் அதுவரை பார்த்ததில்லை. அதையும் விடாமல் கேட்டேன். "முன்னால வர்றதுக்கு ஒண்ணு, பின்னால வர்றதுக்கு ஒண்ணு" என்றான். அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை விவகாரம். வெள்ளிக்கிழமை கறி போட்டால் தன் பங்கை என் தட்டில் தள்ளிவிடுவான். பக்திமான் என்று நினைத்தேன். விரதம் இருக்க வேண்டியவன் நான், இருந்தவன் அவன், இரண்டு பங்கு கறி தின்றவனும் நான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை ஆற்றில் பிடித்த மீனைச் சுட்டபோது மட்டும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். "என்னடா, வெள்ளிக்கெழம கவுச்சி தொட மாட்டேன்ன, இப்ப மட்டும்?" என்றேன். முள்ளை எடுத்துக்கொண்டே, "மீனு எந்நேரமும் தண்ணியிலதான கெடக்கு, அதெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும் மேஸ்திரி" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், இந்த மூன்று கேள்வியையும் வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் ஒரு குழந்தைக்கும் விடை தெரிந்திருக்கும். நான் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். விடையைக் காத்திருந்து வாங்குவதில் அப்படி இல்லை. இந்தக் குணம் உனக்கும் வந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

அவன் செத்தது ஒரு காலை வேளையில். வெள்ளத்தில் அரித்துப்போன கரையில் ஜல்லி போட்டுக்கொண்டிருந்தோம். ஆற்றங்கரைப் பேரீச்சந்தோப்பிலிருந்து நாலைந்து வெடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் குப்புற விழுந்தோம். எழுந்தபோது முனியாண்டி மட்டும் எழவில்லை. வயிற்றில் பட்டிருந்தது. டிராலியில் படுக்க வைத்துக் கூடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். தலை என் மடியில்தான் இருந்தது. பேச்சு வரவில்லை. வலது கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கட்டைவிரலால் நெற்றியில் ஏதோ செய்தான். பிறகு உதட்டில். பிறகு நெஞ்சுக்குக் கொண்டுபோகப் பார்த்தான், கை விழுந்துவிட்டது. திருநீறு கேட்கிறான் என்று எனக்குத் தோன்றியது. இடுப்பில் எப்போதும் வைத்திருக்கிற சம்புடத்தைத் திறந்து நெற்றி நிறையப் பூசிவிட்டேன். அப்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வலியில் கோணிய வாய் இல்லை, சிரிப்புதான். என்னை ஏமாற்றிவிட்டுப் போகும்போது சிரிப்பானே, அதே பல் தெரிகிற சிரிப்பு. கூடாரம் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அந்தச் சிரிப்பு எதற்கு என்ற கேள்விதான், மகனே, இருபது வருஷமாக என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சாகிற நேரத்தில் ஒருவனுக்கு என்ன வேடிக்கை?

இனி வருவதுதான் நான் மறைத்த பகுதி. முகாமில் காயத்துக்கு மருந்து போடுகிற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார், திருச்சிராப்பள்ளிப் பக்கத்து வேதக்காரர். உடம்பைக் கழுவும்போது கழுத்துக் கயிற்றைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இவரு வேதக்காரரா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "முனியாண்டின்னு பேரு வச்சவன் எப்படிய்யா வேதக்காரன் ஆவான்? செத்தவனக்கூட விட மாட்டீங்களா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு நூலப் பிரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும். எனக்காக இல்ல, அவருக்காகக் கேக்குறேன்" என்றார். தாயத்தைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லி அதைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆனால் நான் பிரிக்காமல் இருந்ததற்குச் சாஸ்திரம் காரணமில்லை. உள்ளே என்ன இருக்குமோ என்ற பயம். அவன் எனக்குத் தெரிந்தவனாக, என் ஆளாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மணலில் தண்டவாளம் நிற்குமா என்று பார்க்கக் கடல் தாண்டிப் போன எனக்கு, ஒரு நூலைப் பிரித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அதற்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியும். முகாமுக்கு வெளியே ஏற்கெனவே ஒரு குழி தோண்டி வைத்திருந்தார்கள். புதைத்துவிடு, எரிக்க இங்கே விறகு ஏது என்று துரை சொன்னார். நான் விடவில்லை. உச்சி வெயிலில் எல்லோரும் கூடாரத்துக்குள் சுருண்டிருந்த நேரம், கிடங்கிலிருந்து ஆறு சிலிப்பர் கட்டைகளை இழுத்து வந்தேன். கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து மறுமுனையைப் பிடித்தார்கள். நம் மலாய்க் காட்டுச் செங்கால் மரம், வாசனையே காட்டிக்கொடுத்தது. ஊர் மரத்தில் எரிகிறான், கொடுத்து வைத்தவன் என்று நினைத்தேன். விளக்கறையிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்து ஊற்றி, உறவு என்று யாரும் இல்லாததால் நானே மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைத்தேன். கட்டை திருடியதற்குத் தண்டனையாகப் பதினான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு சிலிப்பர் கட்டையைத் தோளில் வைத்து வெயிலில் நிறுத்தினார்கள். புண் சீழ் வைத்தது. ஒரு நாளும் நான் முகம் கோணவில்லை. என் ஆயுசில் செய்த ஒரே நல்ல காரியம் இது என்று அப்போது நினைத்தேன், போன வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து வந்ததும் அந்தக் கயிற்றை அவன் வீட்டாரிடம் சேர்க்கலாம் என்று, சீட்டில் இருந்த ஊருக்குக் கடிதம் எழுதினேன். ஊர்க் கணக்குப்பிள்ளையிடமிருந்து பதில் வந்தது. அந்த ஊர் முனியாண்டி யுத்தம் தொடங்குவதற்கு முன்பே மலாய்த் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான், கருமாதியும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அப்படியானால் என்னோடு இருந்தவன் யார்? ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டு ஓடுகிறவர்கள், செத்தவனுடைய சீட்டை வைத்துக்கொண்டு வேறிடத்தில் வேலைக்குச் சேர்வது அந்தக் காலத்தில் நடந்ததுதான். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கிள்ளான் பக்கத் தோட்டங்களில் கூலிக்காரர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக விசாரித்தேன். சுத்தியல் தட்டிப் பார்க்கிற ஒல்லி ஆள், சிரித்தால் எல்லாப் பல்லும் தெரியும் என்று அடையாளம் சொன்னால் யாருக்கு என்ன தெரியும்? கயிறு நம் வீட்டுச் சாமி மேடையில் குங்குமப் பொட்டோடு தங்கிவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படைக்கும்போது அவனுக்கும் ஓர் இலை போட ஆரம்பித்தோம். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் எனக்குப் பிடித்த ஆட்டுக்கறியை வைத்தேன். அந்த இலையில் இருந்த வடையை நீ திருடித் தின்றது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். லூர்துவின் அம்மா அந்தோணியம்மாள் உன்னிடம் சொல்லாமல் காலை ரயிலில் கிள்ளானிலிருந்து வந்திருக்கிறார். புருஷனை இழந்தவர், துணைக்கு ஆள்கூட இல்லாமல், கையில் ஒரு கூடையோடு படியேறினார். எனக்கு அன்று ஓய்வு நாள். கூடையை உன் அம்மா வாங்கித் திறந்தால் வாழையிலைக்குள் மூன்று வாவல் மீன். எனக்கு ஏற்கெனவே காரணம் தேடிக்கொண்டிருந்த கோபம். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா மீனத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள வர்றீங்களே, இதுதான் சம்பந்தம் பேசுற லட்சணமா?" என்று கேட்டுவிட்டேன். உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், வந்தவரிடம் முதல் பேச்சே இதுதான். உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவர் முகம் சுருங்கிப் போனது. "மறந்தே போயிட்டேண்ணே. எங்களுக்கு வெள்ளிக்கெழமன்னா கறி ஆகாது, மீனுதான். பாசார்ல வாவல் நல்லாக் கெடந்துச்சு, பழக்கத்துல வாங்கிட்டேன். வெளியில வச்சிர்றேன்" என்று கூடையைத் தூக்கினார்.

நான் கூடையைப் பிடித்து நிறுத்தினேன். "என்ன சொன்னீங்க? கறி ஆகாது, மீனு ஆகுமா?" என்றேன்.

"ஆமாண்ணே. ஏசுசாமி உசிரு விட்ட நாளு இல்லையா. கறி திங்கக் கூடாது. மீனுக்குத் தடையில்ல."

நான் உள்ளே போய்ச் சாமி மேடையிலிருந்து கயிற்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு சதுரத்தையும் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். பிறகு தன் ரவிக்கைக் கழுத்துக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார். மார்புக்கு ஒரு சதுரம், முதுகுக்கு ஒரு சதுரம். "இது தாயத்து இல்லண்ணே, உத்தரியம். மாதாவுக்கு நேந்துக்கிட்டுப் போடுறது. இது யாரோடது? ஏன் மேல துணி வச்சுத் தச்சு மறச்சிருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உன் அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்து, என்னைக் கேட்காமலே, நீலத் துணியின் நூலை நறுக்கினாள். இருபது வருஷமாக நான் செய்யாததை அவள் இரண்டு நொடியில் செய்தாள். உள்ளே பூச்சி அரித்த பழுப்புக் கம்பளித் துணி. அந்தோணியம்மாள் கழுத்தில் இருந்ததும் அதே துணிதான்.

அப்புறம் முழுக் கதையையும் சொன்னேன். முதல் முறையாகக் கம்பவுண்டர் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். மீன் முள்ளை எடுத்ததைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் கோடு போட்டதைச் சொன்னபோது, தானும் அப்படியே போட்டுக் காட்டினார். சின்னச் சிலுவை. பிரிக்பீல்ட்ஸிலேயே மாதா கோயில் இருந்தும் அவன் ஏன் ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை என்று கேட்டேன். "போனா தோட்டத்து ஆளு யாராச்சும் மொகம் கண்டுக்குவாங்க, பிடிச்சுக் குடுத்துருவாங்கன்னு பயந்திருப்பாருண்ணே. பேர மாத்திக்கிட்டாரு, கழுத்துல கெடந்தத மட்டும் மாத்த முடியல" என்றார். பிறகு, "அவர எங்கண்ணே பொதச்சீங்க?" என்றார்.

கல்யாண வீடுகளில் மார்தட்டிச் சொன்ன பதிலை அன்று உன் அம்மாதான் சொன்னாள். "எரிச்சிட்டீங்களா" என்று அவர் மெல்லக் கேட்டார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. "எங்க ஆளுங்கள எரிக்கக் கூடாதுண்ணே. மண்ணுக்குள்ள வச்சு, கடைசி நாள்ல எழுப்புவாருன்னு காத்துக் கெடக்கணும்" என்று சொல்லிவிட்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் அழுதேன், மகனே. நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை, உன் அம்மாவும் பார்த்ததில்லை. தயாராகக் குழி இருந்தது. அருகில் நின்று ஜெபம் சொல்ல ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவன் கேட்டிருக்கக்கூடிய அத்தனையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதையெல்லாம் தட்டிவிட்டு, தோள் கிழியக் கட்டை சுமந்து, அவனுக்கு ஆகாத காரியத்தைத் தேடித்தேடிச் செய்திருக்கிறேன். அன்பில்தான் செய்தேன், அது பொய்யில்லை. ஆனால் அன்பு இருந்தால் போதும், கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். உன் கல்யாண விஷயத்திலும் அதையேதான் செய்யப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசினேன், சிரித்தானே, என்னைக் கேலி செய்தானா என்றேன். "எங்க கோயில்லயும் வருசத்துல ஒரு நாள் சாமியாரு நெத்தியில சாம்பல் பூசுவாருண்ணே. விபூதிப் புதன்னு சொல்லுவோம். சாகப்போற ஆளுங்கதான் நாம்பன்னு நெனவுபடுத்துறதுக்கு. எத்தன வருசமாச் சாமியாரு மொகத்தையே பாக்காம இருந்த மனுசன், கடைசியில நீங்க வந்து பூசவும் அவருக்கு என்ன தோணுச்சோ" என்றார். இதுதான் சரியான விடை என்று அவரும் சொல்லவில்லை, நானும் நம்பிவிடவில்லை. கேலியாகவும் இருந்திருக்கலாம். மேஸ்திரிக்குக் கடைசிவரை தெரியவில்லையே என்ற சிரிப்பாகவும் இருந்திருக்கலாம். இத்தனை நாள் ஒரு விடையும் இல்லாமல் இருந்தது, இப்போது மூன்று இருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

உனக்குப் புத்திமதி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இந்த வாரம் இல்லை. ஆனாலும் அப்பன் என்ற பாத்தியதையில் ஒன்று சொல்கிறேன். லூர்துவை உனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னாய். எனக்கும் முனியாண்டியை நன்றாகத் தெரியும். ஒரே தட்டில் தின்றிருக்கிறோம். அவள் எதற்குப் பயப்படுகிறாள், வெள்ளிக்கிழமை எதை ஒதுக்குகிறாள், செத்தால் தன்னை என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாள், கேட்டாயா? சிரித்து மழுப்பினால் விட்டுவிடாதே, அடுத்த நாள் மறுபடி கேள். நீ எந்தச் சாமியைக் கும்பிடுவாய் என்பதை நான் இனி கேட்கப் போவதில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் கேட்பேன். என் குணம் அது. நீ என்ன பதில் சொன்னாலும் இந்த வீட்டுப் படி உனக்கு உண்டு, ரயில்வே சாவியை வாங்குகிற வரைக்கும். எனக்கு இன்னும் முழு மனசு வந்துவிடவில்லை, அதையும் மறைக்கவில்லை. கோயிலில் முட்டி போடச் சொன்னால் போட மாட்டேன். உன் அம்மாவுக்கு மட்டும்தான் முட்டிவலி என்று நினைக்காதே.

ஆனால் வருகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாளே இருவரும் வருகிறோம். அந்தோணியம்மாள் கிளம்பும்போது அவரிடம் ஒன்று கேட்டேன். அவனை எரித்தாயிற்று, ஆனால் அவன் உடம்பில் கிடந்த இந்தக் கம்பளித் துணி தீயில் போகவில்லை, என் பையில் போட்டுக்கொண்டதால் தப்பித்தது, இதையாவது உங்கள் மண்ணில் புதைக்கலாமா என்று கேட்டேன். சாமியாரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவர், முந்தாநாள் ஆள் அனுப்பியிருக்கிறார். கிள்ளான் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகச் சாமியார் ஓர் இடம் தருகிறாராம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வந்து ஜெபம் சொல்கிறேன் என்றாராம். குழியை யாரும் தோண்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. போன முறை தோண்டி வைத்த குழியை நான் வீணாக்கினேன். இந்த முறை நானே தோண்டுகிறேன், என் மண்வெட்டியைக் கொண்டுவருகிறேன். நீ வந்து பக்கத்தில் நின்றால் போதும்.

நாட்காட்டியைப் பார்த்தேன், நாங்கள் வருகிற அந்த முதல் நாள் வெள்ளிக்கிழமை. எனக்கும் உன் அம்மாவுக்கும் சைவம் என்று உன் மாமியாரிடம் சொல்லிவிடு. கூடவே ஓர் இலை அதிகம் போடச் சொல். இருபது வருஷமாக அவன் இலையில் ஆட்டுக்கறியை வைத்துவிட்டேன். அன்று அவனுக்கு மட்டும் ஒரு துண்டு மீன் வறுத்து வைக்கட்டும்.

உன் அப்பா